இரு சில்லும் ஓர் அச்சும்

ஊரில் ஆசிரியப் பணி புரிந்த நான், ஏதிலியாக ஒக்லாந்து வந்தபின் வாரநாட்களில் மோட்டார் திருத்தகமொன்றில் உதவியாளனாக உள்ளேன். வார இறுதியில் மட்டும் இப்பாடசாலையில் மீண்டும் ஆசிரியனாகின்றேன்.

சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவன் ஒருவன், "அடுத்த தவணை நான் வரமாட்டேன், சேர். எனக்குப் பிடித்தது எதுவும் தமிழில் இல்லை" என்றான். அவனுக்குப் பிடித்தது, தந்தையுடன் சேர்ந்து அவன் திருத்திவந்த பழைய கார். 1982இல் ஒஸ்திரேலியாவில் வெளிவந்த போர்ட் பல்கன் எக்ஸ்.ஈ. வகை. விடை கூற இயலாத நான், மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன்.

இருவரும் காரின் கீழே படுத்தோம். பின்சில்லுகள் இரண்டையும் ஒரே விறைப்பான அச்சு இணைத்திருந்தது. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றையதும் சாயும். "சுருளிவில் தாங்குகிறதே, சேர். இத்தனை கோல்கள் எதற்கு?" என்று கேட்டான்.

எனக்கு 1995 ஒக்ரோபர் 30 நினைவுக்கு வந்தது. வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த அம்மழையிரவில் நான் இவன் வயதினன். அயலவரின் ஒஸ்ரின் ஏ-40 காரில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தோம். செம்மணி வெளியில் பின் தகட்டுவில்லின் முதல் தகடு உடைந்தது. அச்சு பின்னே நழுவிச் சில்லு இறுகிக்கொண்டது. சாவகச்சேரிக்கு நடந்தே சென்றோம். அப்பாவின் புத்தகப் பெட்டி வீதியோரத்தில் நின்றுவிட்டது.

அவனிடம் இதனைக் கூறி விளக்கினேன். தகட்டுவில் பாரத்தையும் தாங்கும். அச்சையும் அதன் இடத்தில் நிறுத்தும். சுருளிவில்லோ பாரத்தை மட்டுமே தாங்கும். ஆகவே, அச்சு முன்பின் நகராமலும் எஞ்சினின் வலுவால் முறுகாமலும் நீளவாட்டுக் கோல்கள் பிடிக்கின்றன. பக்கவாட்டில் நகராமற் பிடிப்பது குறுக்குக் கோல். ஒற்றைக் குறுக்குக் கோல் வட்டவில்லாக அசைவதால் அச்சு ஏறி இறங்கும்போது சற்றே பக்கம் விலகும். அதனைத் தவிர்க்கவே இக்காரில் இரு கோல்களை ஒரு சிறு நெம்பினால் இணைத்துள்ளனர். நீராவிப் பொறிக்காக ஜேம்ஸ் வாட் 1784இல் கண்ட அமைப்பு இது. இதன் இறப்பர் வளையங்கள் தேய்ந்தால், விரைவாகத் திரும்பும்போது காரின் பின்புறம் அலையும். அவன் காரிலும் அவை தேய்ந்தே இருந்தன.

அன்று மாலைக்குள் புதிய வளையங்களைப் பூட்டினோம். அவன் எண்ணெய்க் கையோடு கொப்பியை எடுத்து, "அச்சு, சுருளிவில், தகட்டுவில், குறுக்குக் கோல்" என எழுதினான். "குறுக்குக்கு எந்த 'று', சேர்?" என்று கேட்டான். ஓராண்டாக அவன் என்னிடம் கேட்ட முதல் எழுத்து ஐயம் அதுவே.

அடுத்த தவணையும் அவன் வந்தான். இவ்வாண்டு விழாப் பேச்சுப் போட்டியில் அவனது தலைப்பு, "என் காரின் பின்னச்சு". பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் விரும்புவது யாதெனக் கேட்டு எமக்கும் அறியத் தாருங்கள். அதனைத் தமிழிற் கற்பிக்க நாமும் கற்றுக்கொள்வோம்.