அவ்வளவுதாங்க பாட்டு!

எனக்கும் சங்கீதத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒரே ஒரு தடவை கடவுள் வாழ்த்து பாடினேன். அடுத்த வருஷத்திலிருந்து அதை டேப்பில் போட்டுவிடுவது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்பேர்ப்பட்டவன் ஒரு அமெரிக்கப் பாடகரின் ஆல்பத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். என்ன செய்ய, கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

2009-ல் டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸில் குப்பை கொட்டிக் கொண்டிருந்தேன். (கம்ப்யூட்டர் குப்பைதான்.) எனக்குக் கார் ஓட்ட வராது. அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவன், கல்யாண வீட்டில் இலை கிடைக்காதவன் மாதிரி; சும்மா நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கள் செக்ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபது வயசு, தலையில் தொப்பி, டெக்ஸாஸ்காரர். அவர்தான் பரிதாபப்பட்டு தினமும் தன் பிக்-அப் வண்டியில் ஏற்றிக் கொள்வார். வண்டியில் எப்போதும் ஒரே ஆல்பம்தான் ஓடும். வில்லி நெல்சன் பாடிய 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'.

முதல் நாள் கேட்டபோது ஒரு கிடார் தனியாக 'டொய்ங் டொய்ங்' என்கிறது. ஒருத்தர் மூக்கால் பாடுகிறார். நடுவில் ஒண்ணுமே இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. மரியாதைக்காகக் கேட்டு வைத்தேன்:

"இது ரிகர்சல்தானே சார்? முழுப் பாட்டு எங்கே?"

பெரியவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"1975-லே கம்பெனிக்காரங்களும் இதையேதான் கேட்டாங்க!"

கேட்டிருக்கிறார்கள், நிஜமாகவே. வில்லி நெல்சன் டெக்ஸாஸில் அபட் என்கிற குக்கிராமத்தில் 1933-ல் பிறந்தவர். பாட்டு எழுதிப் பிழைக்க நாஷ்வில் போனார். நாட்டுப்புற இசைக்கு அதுதான் கோடம்பாக்கம். 1961-ல் பாட்ஸி க்ளைன் பாடி அமெரிக்காவே முணுமுணுத்த 'க்ரேஸி' இவர் எழுதியதுதான். ஆனால் இவரே பாடினால் மட்டும் விற்கவில்லை. மனுஷன் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, பஸ்ஸை விட்டுவிட்டு அப்புறம் ஓடிப் பிடிக்கிற மாதிரி பாடுவார். தயாரிப்பாளர்கள் அதை மூடி மறைக்க வயலின் கோஷ்டி, கோரஸ் என்று மேலே மேலே பூசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1970 டிசம்பரில் வீடு வேறு எரிந்து போனது. எரிகிற வீட்டுக்குள் ஓடி அவர் வெளியே கொண்டு வந்தது கிடாரை. (இன்னொரு வஸ்துவையும் கொண்டு வந்தார். அது சட்டவிரோதமானது, நமக்கெதற்கு!) போதும்டா சாமி என்று டெக்ஸாஸுக்கே திரும்பிவிட்டார்.

அப்புறம் கொலம்பியா கம்பெனி கூப்பிட்டபோது, என்ன பாடுவது, யார் வாசிப்பது எல்லாம் தன் இஷ்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக் கொண்டார். நம்ம அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அப்படி ஒரு வரி இருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்!

'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்பது முன்பு ரேடியோவில் வேலை பார்த்தபோது அவர் குழந்தைகளுக்காகப் போட்டுக் கொண்டிருந்த பழைய பாட்டு. வீட்டில் தன் பிள்ளைகளைத் தூங்க வைக்கவும் பாடுவாராம். கொலராடோவிலிருந்து காரில் திரும்பும்போது அப்போதைய மனைவி கோனி, அதையே ஒரு முழுக் கதையாக்கினால் என்ன என்று கேட்க, வழியிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டார். துரோகம் செய்த மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு, குதிரையில் ஊர் ஊராக அலைகிற ஒரு பாதிரியாரின் கதை. (குழந்தைகள் எப்படித் தூங்கினவோ!)

1975 ஜனவரியில் டல்லாஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்கிற ஊரில், ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு. இவர் கிடார், அக்கா பாபி பியானோ, கூட இன்னும் சில பேர். செலவு சுமார் 4,000 டாலர். டேப்பைக் கேட்ட கம்பெனிப் பெரிய மனிதர்கள், சாம்பிளுக்கு அனுப்பியிருக்கிறார், இனிமேல்தான் மற்ற வாத்தியங்கள் சேர்க்கணும் என்று நினைத்துவிட்டார்கள். 'இல்லை, அவ்வளவுதாங்க பாட்டு!' என்றதும் முகம் தொங்கிப் போச்சு. ஆனால் கையெழுத்துப் போட்டாச்சே! அரை மனசாக வெளியிட்டார்கள்.

அதில் 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்' என்று ஒரு பாட்டு. ஃப்ரெட் ரோஸ் எழுதி, ராய் ஏகஃப் 1947-லேயே பாடியது. யாரும் புதிதாக எதிர்பார்க்காத பழைய சரக்கு. 1975 அக்டோபரில் அது நாட்டுப்புறப் பாடல் பட்டியலில் முதலிடம்! பாடகராக அவருக்கு அதுதான் முதல் நம்பர் ஒன். அப்போது வயசு 42. ஆல்பமும் முதலிடத்துக்குப் போய், பிற்பாடு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது.

இதையெல்லாம் பெரியவர் டிராஃபிக் சிக்னலுக்கு சிக்னல் தவணை முறையில் சொன்னார். நான் 'ஆஹா' போட்டேனே தவிர, ஆல்பம் பிடித்துவிடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, தூக்கம் நன்றாக வந்தது.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு விடியற்காலை மாயவரத்திலிருந்து தம்பி போன்.

"அண்ணா... அப்பா போயிட்டாருண்ணா."

போகவில்லை, நான். விசா ஸ்டாம்பிங் முடிந்து போயிருந்தது. ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே விடுவார்களா தெரியாது. ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக் கொண்டிருந்த வருஷம் அது. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இன்றைக்கு எண்ணிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கின்றன. தம்பி கொள்ளி வைத்தான். நான் ஆபீஸுக்குப் புறப்பட்டேன்.

வண்டியில் ஏறியதும் பெரியவரிடம் ஒரே வரியில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி ஸீட்டில் வைத்தார். பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார். "வேண்டாம் சார், ஓடட்டும்" என்றேன். அந்தப் பாட்டு வந்தது. பிரிந்து போனவளை நினைத்து ஒரு கிழவன் பாடுகிற பாட்டு.

அப்பா ரெவின்யூ ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். குளிக்கும்போது பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டு பாடுவார். தாளம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு அடி பாடி, தலையில் ஒரு சொம்பு ஊற்றி, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த அடி. புது சினிமாப் பாட்டு ரேடியோவில் வந்தால், "சத்தம் ஜாஸ்தியா இருக்கு, பாட்டைக் காணோமே!" என்று அணைத்துவிடுவார்.

வில்லி நெல்சன் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பிக்காமல் இழுத்தார் பாருங்கள், அந்த இடைவெளியில் எனக்குச் சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பெரியவர் வண்டியை ஆபீஸுக்குத் திருப்பவில்லை. ஆல்பம் முடிகிற வரை, அரை மணிக்குக் கொஞ்சம் கூடவே, ஊரைச் சுற்றி ஓட்டிக் கொண்டே இருந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் லேட். மானேஜர் முறைத்தார்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பியிடம் கேட்டேன், அப்பா பாடியது ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தது! குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று எப்போதோ விளையாட்டாக செல்போனில் பிடித்திருக்கிறான். நாற்பது செகண்ட். குழாய்ச் சத்தம்தான் ஜாஸ்தி. நடுவில் அம்மா வேறு, "வெந்நீர் போதுமா?" என்கிறாள்.

"அண்ணா, என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஸ்டூடியோ வெச்சிருக்கான். தண்ணி சத்தமெல்லாம் எடுத்துட்டு, பின்னாடி லேசா மியூசிக் சேர்த்துத் தரேங்கறான். அனுப்பட்டுமா?" என்று கேட்டான் தம்பி.

வேண்டாம்னுட்டேன்.