மாமா கம்பெனிக்கு ஒரு மெயில் சர்வர்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, அப்புறம் என் வழக்கமான சோம்பேறித்தனம் எல்லாம் சேர்ந்து தள்ளிக்கொண்டே போய்விட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு மட்டுமில்லை, வீட்டில் சின்னதாகத் தொழில் செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பெரிய எக்ஸ்போர்ட் ஹவுஸ் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். முப்பது மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஆபீஸில் மாமாவையும் சேர்த்து ஆறு பேர். ஐரோப்பாவில் இரண்டு பையர்கள் நேரடியாக ஆர்டர் தருகிறார்கள். அவ்வளவுதான்.

இந்தக் கம்பெனியின் மொத்த வியாபாரமும் ஒரே ஒரு இலவச மெயில் ஐடியில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி பெயர், பின்னால் இரண்டு நம்பர். ஒரே பாஸ்வேர்டு, நாலு பேருக்குத் தெரியும். மெர்ச்சண்டைசர் அண்ணன் 2024 டிசம்பரில் வேலையை விட்டுப் போனார். சண்டை எல்லாம் இல்லை, வேறு இடத்தில் சம்பளம் கூட, அவ்வளவுதான். 2025 பொங்கலுக்கு முன்னால் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புதுசு போட்டு லாகின் செய்தால், "உங்கள் போனுக்குக் கோடு அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. அந்தப் போன் நம்பர் மெர்ச்சண்டைசர் அண்ணனுடையது. அந்த சிம்மை அவர் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்!

ஒன்பது நாள். கார்ட்டன் மேல் என்ன அச்சடிக்க வேண்டும் என்ற அப்ரூவல் மெயில் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. சரக்கு தைத்து, மடித்து, ரெடி. மாமா தன் சொந்த ஐடியிலிருந்து பையருக்கு எழுதினால், அங்கிருந்து பதிலே இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை. திடீரென்று ஒரு புது ஐடியிலிருந்து "நான்தான், இனிமேல் இதில் அனுப்புங்கள்" என்று வந்தால் யார் நம்புவார்கள்? மோசடிக்காரனும் அதே வரியைத்தானே எழுதுவான். கடைசியில் வீடியோ காலில் முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அதற்குள் தூத்துக்குடியில் ஏற வேண்டிய கப்பலின் கட்-ஆஃப் தாண்டிவிட்டது. பையர் தள்ளுபடி கேட்டார், மாமா கொடுத்தார். எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பொங்கல் லீவில் போயிருந்தபோது மாமா கேட்டார். "ஏன் மாப்ள, நீ கம்ப்யூட்டர்தான படிக்கிற? நம்ம பேர்ல சொந்தமா ஒரு மெயில் போட்டுக் குடு. ஆரு கையிலயும் சிக்காம இருக்கோணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் வருஷம் நெட்வொர்க்ஸ் பேப்பரில் எஸ்.எம்.டி.பி. படித்த பையனிடம் நிஜமான மெயில் சர்வர் கேட்கிறார்கள்! அன்று ராத்திரியே நோட்டை எடுத்துப் படம் போட்டேன். அக்கவுண்ட்ஸ் அக்கா டேபிளுக்குக் கீழே சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ். அனுப்ப வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். இரண்டுமே இலவசம். வீட்சே வெனிமா என்பவர் 1998-ல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. மாமா கம்பெனியில் ஓடாதா என்ன?

ஓடவில்லை.

முதல் அடி ரவுட்டரில். வெளியிலிருந்து மெயில் வர வேண்டுமென்றால் நமக்கென்று இணையத்தில் ஒரு நிலையான முகவரி வேண்டும். ரவுட்டரில் பார்த்தால் 100.72 என்று ஆரம்பிக்கிறது. 100.64-லிருந்து 100.127 வரை இருப்பவை, இணைப்பு கொடுக்கும் நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே வாசல் வழியாக அனுப்புவதற்கு என்று ஒதுக்கிய முகவரிகள். லைன் வீடு மாதிரி. தெருவுக்குத் தெரிவது காம்பவுண்டு கேட் மட்டும்தான், உள்ளே எத்தனையாவது வீடு நம்முடையது என்று போஸ்ட்மேனுக்குத் தெரியாது. இரண்டாவது அடி, வெளியே போகிற 25-ஆம் எண் போர்ட்டையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மெயில் கொடுப்பது அந்தப் போர்ட்டில்தான். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஸ்பாம் அனுப்பாமல் இருக்க இப்படி அடைப்பது வழக்கம்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

விடுவேனா? மாச வாடகைக்கு ஒரு விர்ச்சுவல் சர்வர் எடுத்தேன். (அப்பா காசு, ஹி ஹி.) ஒரே ராத்திரியில் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் எழுந்து நின்றன. கிளாஸில் மூன்று பேருக்குச் சோதனை மெயில் அனுப்பினேன். ஒருத்தனுக்கு ஒழுங்காகப் போனது. இரண்டு பேருக்கு ஸ்பாம் பெட்டியில் விழுந்தது. எனக்கு முன்னால் அந்த ஐ.பி. முகவரியில் குடியிருந்த யாரோ செய்த பாவம், கருப்புப் பட்டியல் ஒன்றில் அது ஏற்கனவே இருந்தது. காலையில் லாக் ஃபைலைத் திறந்தால், எங்கிருந்தெல்லாமோ அட்மின், இன்ஃபோ என்று பெயர் போட்டுப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சர்வர் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மெயிலை அனுப்புவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்தப் பக்கம் இருக்கிறவன் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமே, அதுதான் கஷ்டம். எஸ்.எம்.டி.பி.யை 1982-ல் எழுதியபோது ஒருவரை ஒருவர் நம்பினார்கள், "அனுப்புநர்" என்று என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்ததுதான் இன்றைக்கு இருக்கும் மூன்று பதிவுகள். எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரில் கடிதம் கொண்டுவரும் ஆட்கள் இவர்கள்தான் என்று வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கும் லிஸ்ட். டிகிம் என்பது கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை, நடுவில் யாராவது திருத்தினால் உடைந்துவிடும். டிமார்க் என்பது, இவை சரியாக இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வைக்கும் உத்தரவு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன. நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், ஐ.பி.யைத் திருப்பிக் கேட்டால் சரியான பெயரும் வர வேண்டும்.

இத்தனையும் சரி செய்துவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மாமாவிடம் பிளானைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி.

"நீ பரீட்சைக்குப் போயிட்டீன்னா, இது நின்னு போச்சுன்னா, ஆரக் கூப்பிடறது?"

"மெயில் தொலைஞ்சு போகாதுங்க மாமா. நம்ம சர்வர் படுத்துட்டாலும், அனுப்பினவங்க சர்வர் நாலஞ்சு நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும்."

"நாலு நாள் கழிச்சு ஆர்டர் வந்து நான் என்ன பண்றது?"

பதில் இல்லை. மெர்ச்சண்டைசர் அண்ணன் போன் இருந்த இடத்தில் நான் என்னை வைக்கப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் பிளான்.

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். இந்த முறை சர்வர் படம் போடவில்லை, ஆட்களை எழுதினேன். ஆபீஸில் ஆறு பேர் என்றாலும் வெளியூருக்கு மெயில் எழுதுவது நாலு பேர்தான். கட்டிங் மாஸ்டருக்கு மெயில் எதற்கு, அவருக்கு வாட்ஸ்அப் போதும். ஆக நாலு பெட்டி, நாலு பாஸ்வேர்டு. ஆர்டர், அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்று மூன்று பொது முகவரிகள், அவை எந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்பது மட்டும் செட்டிங். நாளைக்கு மெர்ச்சண்டைசர் மாறினால் பையருக்குத் தெரியவே வேண்டாம். ஆர்ட்வொர்க் பி.டி.எஃப். எல்லாம் 8 எம்.பி. இருக்கும். மெயிலில் ஏற்றினால் எழுத்தாக மாற்றி அனுப்புவதால் மூன்றில் ஒரு பங்கு ஊதி, கிட்டத்தட்ட 11 எம்.பி. ஆகிவிடும். அதற்குத் தகுந்த இடம் வேண்டும்.

பெட்டிகளைக் காசு கொடுத்து ஒரு மெயில் சேவையில் வைப்பது என்று முடிவு. மாமாவுக்கு அதில்தான் மனசில்லை. "மாசா மாசம் வாடகையா?" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய கம்ப்யூட்டர் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ராப்பகலாக ஓடினால் மாசம் 43 யூனிட். யு.பி.எஸ். பேட்டரி தனி. நான் தனி. "நீ சும்மாதான?" என்று சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

அடுத்து டொமைன். வெப்சைட்டுக்காக முன்பே வாங்கியது ஒன்று இருக்கிறது என்றார்கள். தேடிப் பார்த்தால் அது வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிறது! கம்பெனி போர்டில், விசிட்டிங் கார்டில் எல்லாம் அச்சடித்த பெயர், உரிமை வேறு ஒருவரிடம். நல்ல மனிதர், ஒரு கிலோ மைசூர்பாகோடு போய்க் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். இந்த முழுத் திட்டத்திலும் முக்கியமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மெயில் சேவையை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், எம்.எக்ஸ். பதிவில் ஒரு வரி. டொமைன் கையில் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. பழைய ஐடி எப்படியோ திரும்பக் கிடைத்திருந்ததால், அதிலிருந்த மெயில்களை இரண்டு ராத்திரி ஓட விட்டுப் புதுப் பெட்டிக்கு இழுத்தேன். டிமார்க்கை முதலில் "ஒன்றும் செய்யாதே, ரிப்போர்ட் மட்டும் அனுப்பு" என்று வைத்தேன். நல்லவேளை. நம் முகவரியைப் போட்டு எங்கிருந்தோ மெயில் போகிறது என்று ரிப்போர்ட் வந்தது. ஹேக்கர் என்று பதறிப் பார்த்தால், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் இன்வாய்ஸை அது பாட்டுக்கு வேறு சர்வர் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே "தடு" என்று வைத்திருந்தால், பில் போகாமல் பணம் வராமல் மாமா என்னைத் தேடி வந்திருப்பார்.

இத்தனை செய்தும் ஒரு ஓட்டை அடைபடாது. எல் என்ற எழுத்து இருக்கும் இடத்தில் எண் 1 போட்டு, நம் டொமைன் மாதிரியே ஒன்றை யாராவது வாங்கி, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று பையருக்கு எழுதினால் இந்த மூன்று பதிவுகளும் வேடிக்கைதான் பார்க்கும். அது வேறு டொமைன், அதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் பேங்க் விவரம் மாறினால் போனில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது என்று இரண்டு பையர்களிடமும் மாமாவைச் சொல்ல வைத்தேன். அதற்கு சர்வர் ஒன்றும் தேவைப்படவில்லை.

அட்மின் பாஸ்வேர்டு, அவசரக் கோடுகள், டொமைன் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், சேவைக்காரர்களின் போன் நம்பர் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தாயிற்று. சாவி அத்தையிடம்.

ஏப்ரல் கடைசியில், செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாமாவிடமிருந்து போன். நெஞ்சு திக்கென்றது.

"மாப்ள, சாயங்காலம் மெயில் வர்ல."

"ஐயோ.. இருங்க மாமா, லேப்டாப்பை எடுக்கறேன்."

"அட, அதெல்லாம் வேண்டாம். அத்தை கவரை எடுத்துக் குடுத்தா. அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டாங்க. சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். நீ படி."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் படிப்பு ஓடவில்லை. நிம்மதிதான். ஆனால் லேசாக ஒரு ஏமாற்றமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

பி.கு: அந்த விர்ச்சுவல் சர்வரை நான் இன்னும் விடவில்லை. என் சொந்த டொமைனுக்கு அதில்தான் மெயில். கருப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வைத்துவிட்டேன், இப்போது மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒழுங்காகப் போகிறது. மூன்றாவது ஆள் என் ரூம்மேட், அவனுக்கு நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.