இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது

அடி என் கட்டுமாவடிக்காரி,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் உன் மாமியார் எட்டிப் பார்த்தால் காட்டுவதற்கு. இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாலு பேர் மீன் ஆய்ந்துகொண்டே கேட்கிறீர்கள், அதனால்தான் காகிதம்.

"அந்த நரகத்துல எப்படித்தான் இருக்கியோ"ன்னு போன வாரம் பெருமூச்சு விட்டாயே, அதற்குத்தான் பதில். வாடகை, வேர்வை, கூட்டம் எல்லாம் நிஜம். ஆனால் நான் ஒரு சுற்று பருத்திருக்கிறேன், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

நம்ம ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போவதற்குள் எத்தனை விசாரணை! யாரு வீட்டுப் புள்ள, எப்ப வந்தே, சம்பளம் எவ்வளவு, இன்னுமா மாப்பிள்ளை அமையல? இங்கே திருவல்லிக்கேணியில் நான் யார் மகள் என்று ஒரு ஜீவனுக்கும் அக்கறை இல்லை. 1948-லிருந்து இருக்கிற ரத்னா கபேயில் தன்னந்தனியாக உட்கார்ந்து சாம்பார் இட்லி சாப்பிடுகிறேன். இட்லி முங்க முங்க சாம்பார் ஊற்றுகிறார்கள். வற்றினால் இன்னும் ஊற்றுகிறார்கள். அறந்தாங்கியில் ஒரு காபி குடிக்கக்கூட நாம் அத்தாச்சியைத் துணைக்கு இழுத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? இங்கே பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். முதல் மாதம் அது கொஞ்சம் வலித்தது என்பதும் உண்மை. இப்போது அதற்காகவே இந்த ஊரைப் பிடித்திருக்கிறது.

ஆபீஸ் சேப்பாக்கத்தில். சாலையைத் தாண்டினால் மெரினா. கடல் என்றால் நம்ம கடல் மாதிரி இல்லை. நாம் முழங்கால் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடந்து போவோம்! இங்கே அலை ஆளைச் சுருட்டிவிடும், குளிக்கப் போனால் போலீஸ் விசில் ஊதி விரட்டும். ஆனாலும் ஆறு மணிக்கு மேல் மணலில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலைக் கொறிக்கிற சுகத்துக்கு நம்ம கடலை விட்டுக்கொடுப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

தலைநகரத்தில் வேலை பார்ப்பதன் ருசியே எதில் தெரியுமா? செய்தியில். எந்த அதிகாரிக்கு எங்கே மாற்றல் என்பது கோட்டையில் ஆணை கையெழுத்தாவதற்கு முன்பே எங்கள் டீக்கடைக்கு வந்துவிடும். பாதி பொய்யாகப் போகும், அது வேறு விஷயம். சட்டசபை நடக்கிற நாளில் பெரியவர்கள் கார் போக வேண்டும் என்று பஸ்ஸை நிறுத்திவைத்தால், உள்ளே இருக்கிறவர்கள் எந்த மந்திரி என்று பந்தயம் கட்டுகிறார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் திருநெல்வேலி, வேலூர், நாகர்கோவில் எல்லாம் ஒரே மேசையில். தேங்காய் அரைத்த குழம்புக்காரிக்கும் புளிக் குழம்புக்காரிக்கும் நடக்கிற சண்டையில் என் கருவாட்டுத் தொக்குதான் சமாதானம். ஐபிஎல் சமயத்தில் சாயங்காலம் ஆனால் வாலாஜா சாலை முழுக்க மஞ்சள் சட்டை. எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டண்ட் ஒருவர், மேட்ச் அன்றைக்கு மட்டும் அவருக்குத் தவறாமல் தலைவலி வந்துவிடும்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு சேதி. அவர் பெட்டி பெட்டியாக ஐஸ் உடைத்துப் போட்டு மீன் லாரி ஏற்றுகிறாரே, இங்கே கடற்கரையிலேயே ஐஸுக்கென்று ஒரு மாளிகை இருக்கிறது. 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூள் போர்த்தி, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே வைத்து விற்றார்களாம். இந்தியாவிலேயே ஐஸ் செய்ய மெஷின் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் ஆட்டோக்காரரிடம் ஐஸ் ஹவுஸ் என்றால்தான் சட்டென்று வண்டி திரும்பும். வெள்ளைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரைக் குளிரவைக்கக் கப்பலில் பனி! உன் வீட்டுக்காரர் லாபக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் பொழுதுபோக்கைச் சொன்னால் சிரிப்பாய். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை அல்லவா? அங்கேயும் டவுன் பஸ்ஸில் உண்டுதான், ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு யார் காத்துக் கிடப்பது? இங்கே கண்ணில் பட்ட வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறேன். திருவான்மியூர் பக்கம் போனபோது கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பலகை பார்த்தேன். நம்ம வீட்டு வழியாகப் போகிற அதே ரோடுதான்! அங்கே ஆடு படுத்திருக்கும், இங்கே பங்களாவும் ரிசார்ட்டும்.

மீன் மட்டும் எனக்குத் தீராத ஏக்கம். ஞாயிறு காலையில் நொச்சிக்குப்பத்துக்குப் போவேன். செவுளைத் தூக்கிப் பார்த்தேன் என்று ஒரு அக்கா முறைத்தாள். "எந்த ஊரு?" என்றாள். கட்டுமாவடி என்றேன். உடனே கூடையின் அடியிலிருந்து வேறு மீனை எடுத்துப் போட்டாள், விலையை மட்டும் குறைக்கவில்லை. அவள் ஒருத்திதான் இந்த ஊரில் என்னை எந்த ஊர் என்று கேட்டவள், அதுவும் யாவாரத்துக்காக!

சரி, ஜனவரியில் வா. புத்தகக் கண்காட்சி நடக்கும், உனக்குத்தான் அந்தப் பைத்தியம் இன்னும் போகவில்லையே. அறந்தாங்கியில் நிற்கிற தாம்பரம் ரயிலில் ஏறினால் நேரே வந்துவிடலாம். இறால் கருவாடு மறக்காதே. நாலு மடிப்பு பிளாஸ்டிக்கில் கட்டு, ரயிலில் என் பெயரைச் சொல்லித் திட்டு வாங்காதே. ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கும் அந்தத் தலைவலி சூப்பிரண்டண்ட் மகனுக்கும் நடக்கிற விஷயத்தை எழுத மாட்டேன். கேட்க வேண்டுமென்றால் டிக்கெட் போடு.

உன்,
திருவல்லிக்கேணிக்காரி