ஆவடி டு கோவளம்: அம்மா ஏறிய கயாக்!

டெஸ்க்கில் கேட்டது ஒரு லிஸ்ட் ஸ்டோரி. ‘சென்னைக்குப் பக்கத்துல கயாக்கிங் போக எங்கெல்லாம் இடம் இருக்கு?’ லிஸ்ட் பெரிதாக வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, அதை ஒட்டிய கோவளம். எங்கள் ஆவடியிலேயே பருத்திப்பட்டு ஏரியில் படகு சவாரி இருக்கிறது. ஆனால், அது கயாக் கணக்கில் வராது. ‘நேர்ல ஒரு தடவை போய் வந்துட்டே எழுதலாமே’ என்று தோன்றியது. துணைக்கு யார் என்றபோது, “நான் வரேன்” என்றார் அம்மா.

நம்பவே முடியவில்லை. காரணம் இருக்கிறது.

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று சென்னையின் மேற்குப் பக்கம் முழுக்க ஏரிகள்தான். ஆனாலும் எங்கள் தெருவில் நீச்சல் தெரிந்த பெண் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ‘தண்ணி கிட்ட போகாதே’ என்பது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. அதைத் தினமும் சொன்னவர் அம்மா.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கொரட்டூரில் வாடகை வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டில் மார்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மீனவர்கள் ஃபைபர் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். எல்லோரும் முண்டியடித்து ஏற, அம்மா மட்டும் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. “படகு சாஞ்சா புள்ளைய எப்படிப் புடிப்பேன்?” என்று ஒரே கேள்வி. பக்கத்து வீட்டு மாமா எரிச்சலாகிவிட்டார். படகில் இருந்த அண்ணன் ஒருவர் கோபப்படவில்லை. இரண்டு காலி எண்ணெய் கேன்களை மூடி இறுக்கி, கயிற்றால் தம்பியின் முதுகில் கட்டினார். “எங்க ஊர்ப் பிள்ளைங்க இப்படித்தான்மா நீச்சலே பழகும். இப்ப ஏறுங்க” என்றார். அம்மா ஏறினார்.

அந்த அம்மாதான் வருகிறேன் என்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினோம். வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். நகரத்துக்குள் போகவே வேண்டாம். உப்பங்கழிக் கரையில் வரிசையாகக் கயாக்குகள். ஒல்லியான படகு, இரண்டு முனையிலும் தட்டை வைத்த ஒரே துடுப்பு. ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்கள் வேட்டைக்குச் செய்த வடிவம் இது. நமக்குப் புதிதா என்ன? கட்டுமரத்தில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்ட கடற்கரை இது. ‘கேட்டமரான்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வந்ததில் ஒரு பக்கிள் உடைந்திருந்தது. “வேற குடுப்பா” என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் சிரித்துவிட்டு, “இடுப்பளவுதான் ஆன்ட்டி தண்ணி” என்றான். அம்மா அவனுக்குப் பதிலே சொல்லவில்லை. வேறு ஜாக்கெட் வரும்வரை நகரவும் இல்லை.

பயிற்சி கொடுத்த இளைஞர் அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஜாக்கெட் மாட்டியதும் ஒவ்வொருவரின் தோள்பட்டை வாரையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அது காதுவரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம். தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், ஆள் அதற்குள் நழுவிவிடுவார். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் அளவு கூடவே கூடாது. காற்றடித்த டியூபும் ஜாக்கெட்டும் ஒன்றல்ல.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஆழமில்லாத இடத்தில் எல்லோரையும் வேண்டுமென்றே கவிழச் சொன்னார். கவிழ்ந்தால் துடுப்பைத் துரத்தி நீந்தக் கூடாது, படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மிதக்கும். பிறகு அதை நிமிர்த்தி, பக்கவாட்டில் வயிற்றைப் படகின் மேல் போட்டு, கால்களை உதைத்து ஏற வேண்டும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஒரு நொடி தலை உள்ளே. எனக்கு அடிவயிறு கலங்கியது. ஜாக்கெட் அவரைத் தூக்கி வெளியே விட்டது. இருமிக்கொண்டே, “இன்னொரு வாட்டி” என்றார்.

காற்றுப் பாடமும் நடந்தது. பள்ளியில் படித்த நிலக்காற்று, கடற்காற்று ஞாபகம் இருக்கிறதா? விடிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அப்போது அனுபவம் இல்லாமல் கடலில் இறங்கினால், கரை தெரிந்துகொண்டே இருக்கும், நாம் தள்ளிப் போய்க்கொண்டே இருப்போம். புதியவர்களுக்கு அலையில்லாத உப்பங்கழிதான் சரி. அங்கேயும் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் வற்றும் நீர் கடல் பக்கம் இழுக்கும். வெயில் ஏற ஏறக் கிழக்கிலிருந்து கடற்காற்று வலுக்கும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட வேண்டும். கை சோர்ந்து திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஆசையே வேண்டாம்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தபோது பழைய செய்திகளைப் புரட்டினேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் உடம்பில் ஜாக்கெட் இல்லை. இரண்டுமே ஏரிதான், கடல் இல்லை. படித்துக் காட்டியபோது அம்மா அந்தக் கல்லூரிப் பையனைப் பற்றித்தான் கேட்டார்: “அவன் கடைசியில பக்கிள் போட்டானா?” போட்டான். பயிற்சியாளர் போட வைத்தார்.

போகிறவர்கள் விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். போனை வாட்டர்ப்ரூஃப் பையில் போட்டு, அதில் இந்த எண்களைப் பதிந்துவையுங்கள்: அவசர உதவிக்கு 112, கடலோரப் பாதுகாப்புக்கு 1093, நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படை 1554.

அடுத்து பிச்சாவரம் கேட்கிறார் அம்மா. ‘இதயக்கனி’ எடுத்த இடம் என்பதுதான் அவருக்குக் காரணம். மழைக்காலம் முடியட்டும், தை பிறந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீச்சல் வகுப்பில் சேர வேண்டுமாம். எங்கள் ஏரியாவில் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குகிற நீச்சல் குளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.