அடுத்த சித்திரை வரைக்கும்

பிள்ளைச்சாவடி டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், திருநங்கைகளைச் செய்தியில் எப்போது பார்த்தீர்கள் என்று. 'கூவாகத்துல சார்!' என்பார்கள். சித்ரா பௌர்ணமிக்கு அழகிப் போட்டி, அரவானுக்காகத் தாலி, விடிந்ததும் தாலியறுப்பு, ஒப்பாரி. நாலு போட்டோ. அப்புறம் அடுத்த சித்திரைதான்.

நான் பி.காம். எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. மிச்ச நாளெல்லாம் அவர்களும் வீடு தேடுகிறார்கள், வேலை கேட்டு அலைகிறார்கள். அது எந்தப் பக்கத்தில் வருகிறது?

சினிமாவில் கேலிக்கு ஒரு ஆள். இல்லாவிட்டால் 2015-ல் வந்த 'ஐ' படம் மாதிரி வில்லன் கோஷ்டி. 2019-ல் 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பா நம்மைக் கலங்கடித்தாள். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் திருநங்கை வேஷத்துக்குக்கூட ஒரு திருநங்கை வரவில்லையே!

முடியாதது இல்லை. 2008-லேயே விஜய் டி.வி.யில் 'இப்படிக்கு ரோஸ்' நடத்தினார் ரோஸ். அங்கே கேள்வி கேட்டவரே அவர்தான்.

எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் என்ன சொல்லால் எழுத வேண்டும் என்று, ஹைகோர்ட் வழக்கை ஒட்டி 2022-ல் தமிழக அரசு சொற்பட்டியலே வெளியிட்டது. சொல் கிடைத்துவிட்டது. எழுதுகிற வேலை?

அடுத்த சித்திரையில் அந்த ஒப்பாரிப் போட்டோவைப் பார்ப்பீர்கள். எடுத்தவர் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதையும் கொஞ்சம் படியுங்கள்.