பனிமலையில் இறக்கிய சுமை

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோற்போரின் மேல் படிந்திருக்கும் ஈரம்தான். அதைக் கையால் அள்ள முடியாது. அள்ளக்கூடிய பனியைச் சென்ற ஜனவரியில், கல்விச் சுற்றுலாவின்போது சிம்லாவில்தான் கண்டேன்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் செல்லும் சிற்றிருப்புப்பாதை 1903-இல் திறக்கப்பட்டது. சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து மலையேறி நாங்கள் போய் இறங்கிய இரவே பனி பொழிந்தது. மறுநாள், மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் பேராசிரியர் அனுமதி தந்தார். நண்பர்கள் நால்வர் ஜாக்கு மலைக்குப் புறப்பட்டோம். சிம்லாவிலேயே உயரமான இடம் அது, 2,455 மீட்டர். சஞ்சீவி மலையைத் தேடிச் சென்ற அனுமன் இளைப்பாறிய இடம் என்பார்கள். உச்சியில் பழைய கோயிலும், 2010-இல் அமைத்த 108 அடிச் சிலையும் இருக்கின்றன.

எங்களிடம் இருந்தவை கான்வாஸ் காலணிகள். காலுறைக்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டோம். குரங்குகளை விரட்ட ஆளுக்கொரு தடியை வாடகைக்கு எடுத்தோம். குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்ததால், கண்ணாடி அணிந்த நண்பன் அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இருபுறமும் தேவதாரு மரங்கள். கிளையிலிருந்து பனி சரிந்து விழும் ஓசை தவிர வேறு சத்தமில்லை. புதுப் பனி காலடியில் நறநறவென்று அமுங்கியது, அதில் பயமில்லை. பலர் மிதித்து, பகலில் உருகி, இரவில் மீண்டும் உறைந்த இடங்கள்தாம் கண்ணாடியாக வழுக்கின. அப்படி ஓரிடத்தில் நான் விழுந்தேன்.

என்னைத் தூக்கிவிட்டவர் ஒரு சுமைகூலி. ஐம்பது வயதிருக்கும். முதுகில் எரிவாயு உருளையைக் கயிற்றால் கட்டியிருந்தார். காலணியின் மேல் சாக்குத் துணி. பளபளக்கும் இடத்தை விட்டு ஓரத்துப் பனியில் முழுப் பாதத்தையும் ஊன்றி நடக்கும்படி சைகையால் காட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

"படிக்காவிட்டால் இந்தப் பிழைப்புதான்" என்று சொல்லி, கண்ணாடி நண்பன் அவரைப் போலவே குனிந்து நடந்து காட்டினான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

என் அப்பாவுக்கு மண்டியில் வேலை என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருந்தேன். கணக்கெழுதுகிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. தலையில் சும்மாடு வைத்து அவர் மூட்டை இறக்குகிறார். இந்தச் சுற்றுலாவுக்கான பணமும் மண்டியில் அவர் வாங்கிய முன்பணம்தான்.

"எங்கப்பாவும் மூட்டை தூக்குகிறவர்தான்" என்றேன்.

யாரும் பேசவில்லை. உச்சி வரை மூச்சிரைப்பு மட்டுமே கேட்டது. மேலே மேகம் மூடியிருந்ததால் எதிர்மலைகள் தெரியவில்லை. சிலை மட்டும் செந்நிறமாக நின்றது. மலையைச் சுமந்தவனைக் கைகூப்பி வணங்குகிறோம். நமக்காக மூட்டை சுமப்பவரை மறைக்கிறோம் என்று எனக்கே உறைத்தது.

இறங்கும்போது கண்ணாடி இல்லாத நண்பனுக்கு வழுக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை. அவனாகவே கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். பாதி வழியில், "தப்பாப் பேசிட்டேன்டா" என்றான். "நானுந்தான் தப்பு பண்ணினேன்" என்றேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விடுதிக்குத் திரும்பினோம்.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "பனி எப்படிடா இருந்துச்சு?"

"உப்பு மூட்டை அவிழ்ந்து கொட்டின மாதிரி இருந்துச்சுப்பா."

"உப்புன்னா கால் வழுக்காதே?"

"இது வழுக்கும்ப்பா. ஒருத்தர் தூக்கிவிட்டார்" என்றேன். அவர் யாரென்றும் சொன்னேன். உருளை என்ன எடை இருக்கும் என்று மட்டும் அப்பா கேட்டார்.

சென்ற வாரம் உதவித்தொகைப் படிவம் நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், சுமைதூக்கும் தொழிலாளி என்று எழுதினேன். கை நடுங்கவில்லை.