விமானம் கிளம்பவில்லை

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் கணவரைக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சிக்குப் புனே அனுப்பியிருந்தார்கள். "குழந்தை என் முகத்தையே மறந்துடுவான் போலிருக்கு. அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் வந்துட்டுப் போயேன்" என்று போனில் கெஞ்சினார். தெரிந்த ஏஜெண்ட் ஒருவரிடம் ரொக்கமாகக் கட்டி டிக்கெட் வாங்கினேன். சின்ன விமானக் கம்பெனி, டிக்கெட் மலிவு. பெயர் இங்கே வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை.

ஓசூர்க்காரர்களுக்கு விமானம் என்றால் பெங்களூர்தான். பக்கத்திலேயே பேலகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருக்கிறது. ஆனால் பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிதாக இன்னொன்று 2033 வரை வரக்கூடாதென்று ஓர் ஒப்பந்தம். எனவே விடியற்காலை கைக்குழந்தையோடு 70 கிலோமீட்டருக்கு மேல் டாக்சியில் தேவனஹள்ளிக்குப் போனோம்.

பெரிய பையைக் கவுண்டரில் போட்டாயிற்று. பால் பவுடர் டின், மாற்றுத் துணி எல்லாம் அதற்குள். இரண்டு மணி நேரத்தில் புனே போய்விடுவோமே என்று ஒருவேளைக்கு மட்டும் ராகிக் கூழ் கையில் வைத்திருந்தேன். சமர்த்து!

முதலில் 'தாமதம்' என்றார்கள். கூழ் தீர்ந்தது. பதினோரு மணிக்கு 'ரத்து' என்றார்கள். வாடகை பாக்கிக்காக விமானத்தைச் சொந்தக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். விமானத்துக்கு வாடகையா என்று எனக்கு ஆச்சரியம். பிறகுதான் தெரிந்தது, பல கம்பெனிகள் குத்தகை விமானத்தில்தான் பிழைப்பு நடத்துகின்றன. பெங்களூரிலிருந்து 2015 ஏப்ரலில் பறக்க ஆரம்பித்த ஏர் பெகாசஸ், குத்தகைப் பாக்கித் தகராறில் 2016 ஜூலையில் நின்றுபோனது. நாங்கள் மாட்டிக்கொண்டது வேறொன்றில். ஆனால் கதை அதேதான்.

கவுண்டரில் ஒரே கூச்சல். அங்கே நின்றது ஒரே ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். ஆளாளுக்கு அவளைத் திட்டினார்கள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். என் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவள் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அன்னம் தின்னாவா?" என்று தெலுங்கில் கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கமாம். "மூணு மாசமா சம்பளம் வரலைம்மா. இன்னிக்கு விமானம் இல்லைன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள்.

குழந்தை தாய்ப்பால் குடித்தும் அடங்கவில்லை. அவள்தான் எங்கிருந்தோ வாழைப்பழமும், ஒரு ஃபிளாஸ்க்கில் காய்ச்சிய தண்ணீரும் கொண்டுவந்தாள். மாமியார் பழத்தை மசித்து ஊட்டினார். பை திரும்பி வர மூன்று மணி ஆகிவிட்டது. "பையை அங்க குடுத்துட்டு கையை வீசிக்கிட்டு வந்தியேம்மா" என்று மாமியார் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. இப்போதெல்லாம் உலர்ந்த சின்ன டப்பாவில் மூன்று வேளைக்கான பவுடரைக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே கலந்து எடுத்துப்போகாதீர்கள், சகோதரிகளே. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக்கூடாது. குழந்தை உணவைப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிக்கிறார்கள், பயம் வேண்டாம்.

டிக்கெட் பணம்? "கம்பெனி குடுத்தா நான் குடுக்கறேன்" என்றார் ஏஜெண்ட். வரவே இல்லை. கார்டில் கட்டியிருந்தால், பயணம் கிடைக்கவில்லை என்று வங்கிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். அதற்கும் கெடு உண்டு, உடனே எழுத வேண்டும். கம்பெனி திவால் என்று போய்விட்டாலோ, நாமும் கடன்காரர்களின் வரிசையில் கடைசியில் நிற்கவேண்டியதுதான். 2023 மே 3-ஆம் தேதி பறப்பதை நிறுத்திய கோ ஃபர்ஸ்ட் பெரிய கம்பெனி. அதைக் கலைத்துவிடச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டதே 2025 ஜனவரியில்தான். அதுவரை சாதாரண டிக்கெட்காரர் எங்கே போவார்?

நாங்கள் பஸ் மாறி ஓசூர் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது. அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கிடைத்ததா என்று மாமியார் இன்றைக்கும் சில நாள் கேட்பார். திட்டினேனே தவிர, நான் அவள் ஃபோன் நம்பரைக் கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் என் கணவரே லீவு போட்டுவிட்டு ரயிலில் வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினார். குழந்தை அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு வீலென்று கத்திக்கொண்டு பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவரிடம் போக இரண்டு நாள் ஆயிற்று. லீவோ மூன்றே நாள்.